இல்லை என்பதற்கே கரண்ட் செலவு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அல்லாஹ்வின் மேல் ஆணையிடுகிற அளவுக்குக் கதை பெரிதில்லை. ஆகவே என் வாயில் மிச்சமிருக்கும் ஐந்து பற்களின் மேல் சத்தியம். மேலே இரண்டு, கீழே மூன்று. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

அன்றைக்குக் கல்முனையில் மழை படுக்கையாகப் பெய்தது. கடலிலிருந்து புறப்பட்டு, நிலத்தில் விழ மனமில்லாமல், நேரே மேற்கே வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குடை வைத்திருந்தவர்கள் அதைக் கேடயம் போல முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தலையெல்லாம் காய்ந்திருக்க, வயிறு மட்டும் நனைந்த சனத்தை அன்றைக்குத்தான் ஊர் முதன்முதலாகக் கண்டது.

அந்த மழையில்தான் அம்ஹா வழி தவறிக் கல்முனைக்கு வந்து சேர்ந்தாள்.

வழி தவறியது அவளல்ல, பஸ். அதாவது பஸ் சரியாகத்தான் வந்தது. ஒலுவிலில் ஏறியவள் சாய்ந்தமருதில் இறங்கவேண்டும். ஆனால் காரைதீவு தாண்டும்போது நெரிசலில் அவளுடைய அபாயாவின் நெஞ்சுப் பொத்தான் ஒன்று தெறித்துப்போய், யாரோ ஒருவரின் மீன்கூடைக்குள் விழுந்து, அவரோடு இறங்கிப் போய்விட்டது. ஒரு கையால் அபாயாவைப் பிடித்தபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, கதவைத் தேடி நகர மூன்றாவது கை இல்லாததால்... கல்முனை.

அம்ஹாவுக்கு வயது இருபத்தாறு. கண்கள் பெரியவை. அந்தக் கண்களால் அவள் பகல் முழுக்கப் பார்ப்பது திரையில் ஓடும் கோடுகளை. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் வாப்பா மீராசாஹிபு "கரண்ட் படிப்பு" என்பார். உடனே பக்கத்து வீட்டார் பழுதான ஃபேனைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவள் வரைந்துகொண்டிருந்ததோ ஒரு நினைவகச் சுற்று.

அது சாதாரண நினைவகமல்ல. சாதாரண நினைவகத்திடம் வீட்டு இலக்கத்தைச் சொன்னால், உள்ளே யார் இருக்கிறார் என்று காட்டும். இது தலைகீழ். ஆளின் அடையாளத்தைச் சொன்னால், எந்த வீடு என்று சொல்லும். ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு போகாமல், எல்லா வீட்டுக் கதவையும் ஒரே நொடியில் தட்டும். இணையத்தில் ஓடும் தகவல் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கண்டுபிடிக்க இந்த வேகம்தான் தேவை.

வேகத்துக்குக் குறைவில்லை. பசிதான் பெரிய பசி. அம்ஹாவின் சுற்றில் இருநூற்று ஐம்பத்தாறு வரிகள். ஒவ்வொரு தேடலுக்கும் எல்லா வரிக்கும் மின்னூட்டம் கொடுத்து எழுப்பவேண்டும். "நான்தான்" என்கிற ஒரு வரி மட்டும் ஊட்டிய மின்னைக் கொட்டாமல் வைத்திருக்கும். "நான் இல்லை" என்கிற மிச்ச இருநூற்று ஐம்பத்தைந்தும் கொட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அடுத்த தேடலுக்கு மறுபடி ஊட்டவேண்டும். ஆம் என்பதற்குச் செலவில்லை... இல்லை என்பதற்கே கரண்ட் செலவு. ஏழு மாதமாக அம்ஹாவுக்கு இதே கவலை.

இப்போது கூடுதலாக ஒரு பொத்தான் கவலை.

கல்முனைக் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினாள். மிச்சமிருந்த பொத்தான்களில் ஒன்றைக் கழற்றிக் காட்டினாள். நாலு கடையிலும் சுறுசுறுப்பான ஆட்கள். பெட்டி பெட்டியாக இறக்கி, மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, "இல்ல... இதுவும் இல்ல..." என்று வியர்த்தார்கள்.

ஐந்தாவது கடையின் பெயர் பொத்தான் மாளிகை. அகலம் ஆறடி. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். நடுவில் ஒரு கதிரை. கதிரையில் றிம்சான்.

றிம்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அம்பாறைக் கரையில் அவனைப் போல ஒரு சோம்பேறி இல்லை. ஒலுவிலில் கடல் கரையைத் தின்னும் வேகத்தில் பாதிதான் அவன் சோறு தின்னும் வேகம். அவன் முழங்கைக்கும் மேசை லாச்சிக்கும் நடுவில் சிலந்தி ஒன்று வலை கட்டியது. கலைக்கவேண்டுமென்றால் கையை அசைக்கவேண்டுமே என்று, மூன்று மாதம் மற்றக் கையால் வியாபாரம் பண்ணினான். சிலந்தி குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பெரிதாகி, அடுத்த கடைக்குக் குடிபோன பிறகுதான் முழங்கையை மடக்கினான். கண்ட சாட்சிகள் உண்டு.

"நானா, இதே மாதிரி ஒண்டு வேணும்."

அவன் பொத்தானைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். மழையில் நனைந்த இமைகள், அதன் நுனியில் தொங்கும் ஒரு துளி... விழுமா, விழாதா என்று பார்ப்பவன் போல, இமைக்காமல் பார்த்தான். அம்ஹாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு வரி எழும்பியது. இப்படி ஒருவர் தன்னைப் பார்த்ததே இல்லை என்று நினைத்தாள்.

அவனுக்கு இமைக்கச் சோம்பல் என்பது பிறகுதான் தெரியவந்தது.

"எத்தின ஓட்டை?" என்றான்.

"கண்ணால பார்த்தாத் தெரியாதா? இஞ்ச இரிக்கி."

"பார்க்கணும் எண்டா குனியணும், மிஸ். நீங்க சொன்னா நான் குனியத் தேவல்ல."

அவளுக்குச் சுர்ரென்றது. "ரெண்டு ஓட்டை. நீலம்."

"விளிம்புல வரம்பு கட்டியிரிக்கா?"

"என்ன வயலா இது... ஓம், கட்டியிரிக்கி."

"பல்லுல ஒருக்காத் தட்டிப் பாருங்க."

"என்னத்துக்கு?"

"பிளாஸ்டிக்கா, சிப்பியா எண்டு பல்லுக்குத்தான் தெரியும்."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி, அவள் பல்லில் தட்டினாள். டிக்.

"சிப்பி" என்றாள், வெட்கத்தோடு.

றிம்சான் கதிரையிலிருந்தபடியே பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தூண்டில் கம்பை எடுத்தான். நுனிக் கொக்கியால் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு பெட்டியை இழுத்தான். அதிலிருந்து ஒரு சின்னப் பையைத் தூக்கினான். பை காற்றில் ஆடி ஆடி வந்து அவள் கையில் இறங்கியது. உள்ளே அதே பொத்தான். அதே நீலம்.

"மத்தக் கடையில எல்லாப் பெட்டியையும் கொட்டினாங்களே..." என்றாள், நம்பமுடியாமல்.

"பாவம், உசாரான ஆக்கள்" என்றான் றிம்சான், உண்மையான இரக்கத்தோடு. "நானூத்திப் பன்னிரண்டு பெட்டி இரிக்கி, மிஸ். ஒண்டொண்டா எழுப்பி 'நீயா, நீயா' எண்டு கேட்டா, இல்ல இல்ல எண்டு சொல்லியே அதுகளும் களைச்சிரும், நானும் களைச்சிருவன். முதல் ரெண்டு மூணு கேள்வியில முக்காவாசி படுத்திரும். எழும்பத் தேவையான பெட்டிய மட்டும் எழுப்பினாக் காணாதா?"

மழை சட்டென்று நின்றது போலிருந்தது அம்ஹாவுக்கு. நிற்கவில்லை. அவளுக்குத்தான் கேட்கவில்லை.

எழும்பத் தேவையானதை மட்டும்...

அவள் ஓடினாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து காசைக் கொடுத்தாள். மறுகா ஓடினாள். றிம்சான் அவள் போன திசையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பவேண்டுமே. ஆனால் அன்று மாலை வரை அவன் வேறு எந்தத் திசையையும் பார்க்கவில்லை என்று அடுத்த கடைக்காரர் சொன்னார்.

அடுத்த வாரம் அம்ஹாவின் சுற்று மாறியது. ஒவ்வொரு வரியிலும் முதல் நாலு பிட்டை மட்டும் முதலில் ஒப்பிட்டுப் பார்த்தது. அது பொருந்தினால் மட்டும் மிச்ச நீளத்துக்கு மின்னூட்டம். இருநூற்று ஐம்பத்தாறில் பதினாறு வரிதான் சராசரியாக முழுக்க எழும்பின. மற்றவை நிம்மதியாகத் தூங்கின. நூறு பங்கு எரித்த சுற்று பதினெட்டுப் பங்கில் வந்து நின்றது.

மேற்பார்வையாளர் நதீரா மிஸ் திரையை மூக்கு முட்டப் பார்த்தார். "முன்கூட்டிக் கழிக்கிற முறை. உலகத்துக்குப் புதுசில்ல, ஆனா நல்லாப் பொருத்தியிருக்கிறீங்க. எந்த நாலு பிட்டை முதல்ல கேட்கிறது? அதுக்கு ஒரு நியாயம் வேணும். யார்ட்டயாவது கேட்டுப் பாருங்க."

அம்ஹா கேட்டுப் பார்க்கப் போனாள்.

போக ஒரு காரணம் வேண்டுமே... போகும் வழியில் கைமுட்டிப் பொத்தான் ஒன்று தானாகவே கழன்றது. அது தானாகக் கழன்றது என்பதற்குச் சாட்சி, அவள் பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோல்.

"ஒவ்வொரு முறையும் ஓட்டையையா முதல்ல கேட்பீங்க?"

"இல்ல மிஸ். பள்ளிக்கூடம் துறக்கிற மாசம் வாற ஆக்கள் எல்லாரும் நாலோட்டை வெள்ளை கேட்டுத்தான் வருவாங்க. அப்ப ஓட்டையக் கேட்டும் வேலல்ல, நிறத்தக் கேட்டும் வேலல்ல. அளவக் கேட்கணும். எந்தக் கேள்வி ஆகக் கூடப் பெட்டியப் படுக்கப் போடுமோ, அதத்தான் முதல்ல கேட்கிற."

அவள் எழுதிக்கொண்டாள். அவன் அவளுடைய கையெழுத்தைப் பார்த்தான். தலைகீழாக. எழும்பி வந்து நேராகப் பார்க்கலாம்... வேண்டாம், தலைகீழும் அழகுதான்.

"உங்கட மெசின் எப்பிடி மிஸ் 'ஓம்' சொல்லும்?"

"சும்மா இருக்கும். ஓம் எண்டா செலவே இல்ல. இல்ல எண்டாத்தான் கரண்ட் போகும்."

"நல்ல மெசின்" என்றான் றிம்சான். அவன் ஒரு பொருளைப் பாராட்டி ஊரில் யாரும் கேட்டதில்லை.

அந்த மாதத்தில் சாய்ந்தமருதில் மீராசாஹிபு வீட்டில் பதினொரு பொத்தான்கள் காணாமல் போயின. அபாயாவில் ஐந்து, தலையணை உறையில் இரண்டு. மிச்சம் நாலும் வாப்பாவின் ஜும்ஆச் சேட்டில். நெல் வியாபாரி மீராசாஹிபு ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியில் கையைக் கட்டியபடி நின்றார். தொழுகை முடிந்தும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் சேட்டுத் திறந்துவிடும்.

"என்ட சேட்டு என்னடி கூத்துப் போடுது?" என்று மனைவி ஸம்ஸியாவிடம் கேட்டார்.

ஸம்ஸியா மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். இன்னுமொரு விசயத்தையும் உம்மா கவனித்திருந்தார். கடைக்காரரைப் பற்றிக் கதைக்கும்போது முதல் வாரம் "அந்த நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்ன பிள்ளை, இரண்டாம் வாரம் "அவர்" என்றாள். மூன்றாம் வாரம் பெயரே சொல்லாமல் கதைத்தாள்...

உம்மாவுக்கு விளங்கியது. கலியாணத் தரகர் சீனிமுகம்மதுக்குத் தகவல் போனது.

சீனிமுகம்மது இந்தக் கரையில் முப்பது வருசமாக வேலை பார்ப்பவர். அவருக்கும் ஒரு முறை உண்டு. படிப்பு, தொழில், குணம், எதையும் அவர் முதலில் கேட்கமாட்டார். குடியைக் கேட்பார். இங்கே ஒவ்வொருவருக்கும் உம்மா வழியாக ஒரு குடி உண்டு. வாப்பா ஒரு குடி, பிள்ளைகள் உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் பெண் கொடுக்கமாட்டார்கள்; சகோதரம் மாதிரி. குடி ஒன்றென்றால் அடுத்த கேள்வியே இல்லை. ஆகக் கூடிய வீட்டைப் படுக்கப் போடும் கேள்வி அதுதான்.

வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் அவர் முடித்துவிட்டார்.

"ஸுல்பிகா வீட்டுப் பொடியன்தானே, காக்கா? கதிரையில இரிக்கிற பொடியன். அந்த வீடு சுக்கான் குடி. நீங்களும் சுக்கான் குடி. சரிவராது." டீயைக் குடித்தார். "ஆனா கட்டார்ல றுமைஸ் எண்டு ஒரு இன்ஜினியர் இரிக்கிறார். குடி வேற. வாற வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டாக்கள் பார்க்க வரட்டா?"

"வரட்டும்" என்றார் மீராசாஹிபு. சேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே.

அடுத்த நாள் அம்ஹா கடைக்குப் போனாள். பொத்தான் எதுவும் கொண்டுபோகவில்லை.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வாறாங்க. உங்களையும் விசாரிச்சாங்க. குடி ஒண்டாம். முடிஞ்சிது எண்டுட்டாங்க."

றிம்சான் தூண்டில் கம்பைப் பார்த்தான். "அப்பிடியா" என்றான்.

"அப்பிடியாவா? ஒருக்கா எழும்பி வந்து வாப்பாவோட கதைச்சா என்ன?"

"இல்லை எண்டுதானே சொல்லப்போறார், மிஸ். நடந்த நடை வீண்."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்களில் அன்றைக்கு மழைத்துளி இல்லை. ஆனால் ஈரம் இருந்தது.

"இருங்க, நானா" என்றாள். "வடிவா இருங்க. நல்லாச் சாஞ்சி இருங்க."

மூன்று வாரமாக வராத அந்த 'நானா' வந்து மேசையில் விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். அவள் போய்விட்டாள். றிம்சான் சாயவில்லை.

செவ்வாய்க்கிழமை சுற்றும் அவளைக் கைவிட்டது.

இருக்கிற ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடச் சொன்னாள். "அப்படி ஒன்றும் இல்லை" என்றது. அவளே எழுதி வைத்த சொல்! இரண்டு மணிநேரம் தேடிப் பார்த்தால், நூற்றுப் பதின்மூன்றாம் வரியில் ஒரே ஒரு பிட் பிழையாகப் பதிந்திருந்தது. அதுவும் முதல் நாலுக்குள்.

"பழைய சுற்றில எண்டா ஒரு பிட் மட்டும் பிழைச்ச வரி மெதுவாத்தான் இறங்கும்" என்றார் நதீரா மிஸ். "அந்த மெதுவைப் பார்த்தே, 'இது கொஞ்சத்தில தவறின ஆள்' எண்டு பிடிக்கலாம். உங்கட புதுச் சுற்றில அந்த வரி எழும்பவே இல்ல. எழும்பாத வரி சரியா, பிழையா எண்டு ஆருக்குத் தெரியும்? முதல் கேள்விக்குரிய விடையை எழுதும்போது ரெண்டு தரம் சரிபார்க்கணும், அம்ஹா. அதில பிழைச்சா, மிச்சம் அத்தனையும் பொருந்தினாலும் வேலல்ல."

அம்ஹா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு கோடாக ஓடிய திரையில் ஒரு கதிரை தெரிந்தது.

எழும்பாத வரி... முதல் கேள்வி... ஸுல்பிகா வீட்டுப் பொடியன். ஸுல்பிகா றிம்சானின் உம்மாவா? இல்லையே! "ஸுல்பிகா மாமி சோறு குடுத்து அனுப்பினா" என்றுதானே ஒருநாள் சொன்னான்! மாமி என்றால் வாப்பாவின் சகோதரி. அவ சுக்கான் குடி என்றால் வாப்பாவும் சுக்கான் குடி. பிள்ளைக்கு அது எப்படி வரும்?

புதன்கிழமை மழைக்குள் போய்க் கடைவாசலில் நின்றாள். குடையைக்கூட மடக்கவில்லை.

"உங்கட உம்மா எந்த ஊர்?"

றிம்சான் இமைத்தான். அவன் இமைத்ததை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

"பொத்துவில்."

"உம்மாட குடி?"

"தெரியா."

மழை கொஞ்சம் பெய்தது. பிறகு அவன் சொன்னான், யாரோ ஒருவரின் கதையைச் சொல்வது போல.

"கடல் ஊருக்குள்ள வந்த சுனாமி வருசம் எனக்கு ஆறு வயசு. உம்மா தண்ணியோட போய் மௌத்து. வாப்பா என்னத் தூக்கிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு, மாமி வீட்ட வந்தார். அந்த முறை பள்ளிக் கந்தூரியில குடி குடியா இருக்கவெச்சிச் சோறு போட்டாங்க. 'நீ எந்த வீடு மனே' எண்டு ஒராள் கேட்டார். மாமி வீடு எண்டன். சுக்கான் குடி வரிசையில இருத்தினாங்க. இருந்துட்டன்."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே, அது பிழை எண்டு..."

"சொல்ல எழும்பினா, அப்ப உங்கட உம்மா ஆரு, எங்க எண்டு கேட்பாங்க." அவன் தூண்டில் கம்பை எடுத்து, ஒரு காரணமும் இல்லாமல், திரும்பச் சாய்த்து வைத்தான். "அந்தக் கேள்விக்கு எனக்கு நிக்க ஏலாது, மிஸ். அதான் இருந்துட்டன். இருந்து பழகிட்டுது."

இந்த ஊர் முழுக்கச் சிரித்த சோம்பல் அது. அம்ஹா சிரிக்கவில்லை. குடையை மடக்கினாள்.

"பொத்துவில்ல உம்மாட ஆக்கள் ஆரும்..?"

"சாச்சி ஒராள். பஸ்மிலா. பெருநாளுக்குக் கோல் எடுப்பா. போனதில்ல."

"வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவங்க வருவாங்க" என்றாள் அம்ஹா. "குடியைச் சீனிமுகம்மது காக்கா போன்ல கேட்டு ஏத்துக்கமாட்டார். தாய்வழி ஆள் வந்து வாயால சொல்லணும். நான் பொத்துவிலுக்குப் போக ஏலா. இதுக்குத் தூண்டில் கம்பும் எட்டாது."

அவள் நடந்தாள். இந்தமுறை 'நானா' சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லவுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு றிம்சான் எழும்பினான்.

அதைப் பார்த்தவர்கள் இன்னும் அந்த நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கடைச் சிலந்திகள் வந்து எட்டிப் பார்த்தன. சலூனில் ஒரு பக்கத் தாடி மட்டும் வழித்திருந்தவர் சவர நுரையோடு தெருவுக்கு ஓடி வந்தார். பஸ் நிலையத்தில் பொத்துவில் பஸ் புறப்பட்டுவிட்டது. றிம்சான் நடந்து வருவதைக் கண்ட சாரதி, இது உலகம் அழியும் கியாமத் நாளின் அடையாளமா என்று பயந்து பிரேக்கை மிதித்தார். அப்படித்தான் பஸ் கிடைத்தது. கடையில் அந்தக் கதிரை மட்டும் அவன் உருவத்தில் குழிந்தபடி, நாள் முழுக்க வியாபாரம் பார்த்தது. மூன்று பேர் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

சாய்ந்தமருதில் அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. வட்டிலப்பம் வெந்தது. அம்ஹா ஜன்னலருகே இருந்தாள். வெளியே மழை... ஒழுங்கையில் தண்ணீர்... யாரும் இல்லை. சீனிமுகம்மது முன்னாலேயே வந்து நல்ல கதிரையைப் பிடித்துக்கொண்டார். மீராசாஹிபு ஒரு துண்டைத் தோளில் போட்டு, சேட்டு திறக்காமல் மறைத்துக்கொண்டார்.

கேற்றை யாரோ தட்டினார்கள். "கட்டார்ப் பக்கம் வந்துட்டாங்க" என்றார் சீனிமுகம்மது.

வந்தது கட்டார்ப் பக்கம் அல்ல. முன்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண், கையில் குடை, கண்ணில் கோபம். பின்னால் முழங்கால் வரை சேறாக றிம்சான்.

"சீனிமுகம்மது எண்ட மனுசன் ஆரு?" என்றார் பஸ்மிலா சாச்சி.

நல்ல கதிரை கொஞ்சம் அசைந்தது.

"என்ட கூடப்பொறந்த ராத்தா பெத்த புள்ளைக்கு ஆரு சுக்கான் குடி எண்டு எழுதின? நாங்க வட்டவிதானை குடி. எங்கட உம்மா, அவட உம்மா, எல்லாரும் வட்டவிதானை குடி. பொத்துவில் பள்ளியில கேட்டுப் பாருங்க. இருபது வருசமாப் புள்ளைய மத்த வரிசையில இருத்தி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் கண்ணில்லையா?"

சீனிமுகம்மது வாயைத் திறந்தார். முப்பது வருசத்தில் அவர் முதல் கேள்வியை இரண்டாம் தரம் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப... குடி வேறயா?"

"வேற."

முதல் கேள்வி தாண்டினால் அடுத்தது என்ன கேட்பது என்று சீனிமுகம்மதுக்கு மறந்துபோயிருந்தது. மீராசாஹிபுதான் கேட்டார்.

"தம்பி ஏன் நிக்கிறீங்க? இருங்க."

"பரவாயில்ல மாமா" என்றான் றிம்சான். "இண்டைக்கு நிக்கிறன்."

உள்ளே ஜன்னலருகே இருந்த ஒருத்திக்குக் கண் கலங்கியது. அது கூடத்தில் யாருக்கும் தெரியாது.

றிம்சான் சேட்டுப் பையிலிருந்து ஒரு சின்னத் தாள்பொட்டலத்தை எடுத்து மீராசாஹிபுவின் கையில் வைத்தான். அவர் பிரித்தார். நாலு பொத்தான். இரட்டைக் கரை போட்ட வெள்ளைச் சிப்பி. தோள் துண்டை விலக்கி, சேட்டில் மிச்சமிருந்ததோடு வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

"இது எப்பிடித் தம்பி உங்கட கையில?"

"மாதிரிக்கு எண்டு கொண்டுவந்து தந்தாங்க, மாமா. ஒரு மாசமா, வாரத்துக்கு ஒண்டு. அதுகளேதான் இது. பொருந்தும்."

மீராசாஹிபு பொத்தான்களைப் பார்த்தார், உட்கதவைப் பார்த்தார், ஸம்ஸியாவைப் பார்த்தார். ஸம்ஸியா கூரையைப் பார்த்தார். கூரையைப் பார்க்க மகள் எங்கே பழகினாள் என்று மீராசாஹிபுக்கு அப்போது தெரிந்தது.

"மகள்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "கட்டார் ஆக்கள் பாலத்தடி வெள்ளத்தில நிக்கிறாங்களாம், கோல் வந்திச்சி. திரும்பிப் போகச் சொல்லவா?"

உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. வாப்பா காத்திருந்தார். மகள் இல்லை என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்...

"சரி" என்றார் மீராசாஹிபு. போனை எடுத்து, மிக மரியாதையாக, வெள்ளத்தில் கஷ்டப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாச்சிக்கும் உம்மாவுக்கும் வட்டிலப்பத்தில் கதை நீண்டது. அம்ஹா கேற்றடிக்குக் குடை கொண்டு வந்தாள். மழை இப்போது நேராகப் பெய்தது; படுக்கையாகப் பெய்து களைத்திருக்கவேண்டும்.

"ஏன் எழும்பினீங்க?" என்றாள், குடையைப் பார்த்துக்கொண்டு.

"யோசிச்சிப் பார்த்தன், மிஸ்." அவன் அவளைப் பார்த்தான். இமைத்தான். இன்னொரு தடவையும் இமைத்தான். "புதன்கிழமை நீங்க போன பிறகு ரெண்டு நாளா 'இல்ல, அவ எனக்கில்ல' எண்டு சொல்லிச் சொல்லியே இருந்தன். சோறு இறங்கல்ல. நித்திரை இல்ல. இருந்த இடத்திலயே களைச்சிப் போனன். இல்ல எண்டுறதுக்கு அவ்வளவு செலவு..."

"பிறகு?"

"பிறகு ஒருக்கா 'ஓம், எனக்கு அம்ஹாவ விருப்பம்' எண்டு சொல்லிப் பார்த்தன். ஒண்டும் செலவாகல்ல. கால் தானா எழும்பிச்சி."

அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. குடை நுனியிலிருந்து ஒரு துளி தொங்கியது. விழுமா, விழாதா...

"எனக்கும்" என்றாள் அம்ஹா.

துளி விழுந்தது.

சத்தியம் பண்ணிய அந்த ஐந்து பற்களும் எட்டு வருசத்துக்கு முன்னமே கழற்றியாகிவிட்டன.